கப்பல் இல்லாத ஊரில் கடலாராய்ச்சி: யாருடைய கப்பலில் ஏறுவது?

யாழ்ப்பாணத்தில் கடல்சார் படிப்பை முடிக்கும் பிள்ளைகளிடமிருந்தும், சிலவேளை அவர்களுடைய விரிவுரையாளர்களிடமிருந்தும், ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களில் எங்களுக்கும் இடம் தருகிறார்களாம், எதற்கு விண்ணப்பிக்கலாம்? ஐரோப்பாவுக்கா, இந்தியாவுக்கா, இல்லை எங்கள் தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவோடு போவதா? ஒருவர் ஜேர்மனியில் நடக்கும் பயிற்சியின் அறிவித்தலை அனுப்புவார். இன்னொருவர் மீன்வளம் அளக்க வந்துபோன நோர்வேயின் நன்சன் கப்பல் திரும்ப எப்போது வரும் என்று கேட்பார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கப்பலைப் பகிர்வது வசதியற்ற நாடுகளுக்குச் செய்யும் தருமம் அல்ல என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். பெரிய ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஒருநாள் கடலில் நிற்க, எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், பராமரிப்பு என்று பல்லாயிரம் டொலர் போகும். அதனால் கப்பல் உள்ள நாடுகளே ஒன்றின் கப்பலை மற்றது பாவிக்கின்றன. பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி மூன்றும் 1996இல் தொடங்கிய ஒழுங்கில் பிறகு நெதர்லாந்தும் ஸ்பெயினும் நோர்வேயும் சேர்ந்தன. அங்கே காசு கைமாறுவதில்லை. பிரித்தானிய விஞ்ஞானிகள் ஜேர்மன் கப்பலில் வேலை செய்த நாட்கள் புள்ளிக் கணக்கில் பதியப்படும். பிறகு பிரித்தானியக் கப்பல் நாட்களால் அந்தக் கணக்கு தீர்க்கப்படும். அரிவி வெட்டுக்கு வீட்டுக்கு வீடு ஆள் மாறிக்கொள்வது போன்ற ஏற்பாடு. எங்களிடம் மாறிக்கொள்ளக் கப்பல் இல்லை. ஆகவே எந்த வழியில் போனாலும், கப்பலுக்குப் பதிலாக நீங்கள் என்ன கொண்டுபோகிறீர்கள் என்ற கேள்வி கூடவே வரும்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் ஆழம். இதைத்தான் ஆட்கள் கடைசியாக யோசிக்கிறார்கள். யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது. பெரிய ஆராய்ச்சிக் கப்பலின் அடிப்பாகமே ஐந்தாறு மீற்றர் தண்ணீருக்குள் இருக்கும். அடித்தரைக்கு இவ்வளவு கிட்டக் கப்பலைக் கொண்டுவர எந்தக் கப்டனும் சம்மதிக்கமாட்டார். உங்கள் கேள்வி கடலட்டைப் பண்ணையின் சேற்றைப் பற்றியது என்றால், உலகத்துக் கப்பல்கள் எல்லாம் இலவசமாகக் கிடைத்தாலும் பயனில்லை.

இரண்டாவது காசு. "முழுச் செலவும் தரப்படும்" என்ற வரிக்கு வெளியே இருக்கும் காசைத்தான் சொல்கிறேன். மூன்றாவது காத்திருப்பு: இரண்டு வருட முதுதத்துவமாணிப் படிப்பில் இருப்பவர், மூன்று வருடத்துக்குப் பிறகு புறப்படும் கப்பலை வைத்து என்ன செய்வது? நான்காவது, பயணம் முடிந்த பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது என்ன என்பது. தரவா, மாதிரியா, கட்டுரையில் பெயரா, இல்லை அனுபவம் மட்டுமா? ஐந்தாவது கடதாசி வேலை. அதற்கு ஒரு யாழ்ப்பாணக் கூட்டல் உண்டு: ஐரோப்பிய விசாவுக்கும் அமைச்சின் ஒப்புதலுக்கும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். ஒரு தடவை போய்வந்தாலே ஏறக்குறைய 800 கிலோமீற்றர்.

## வள்ளமும் நாராவும்

கரையோரக் கேள்வி உள்ளவர்களுக்கு, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய பிளாஸ்ரிக் வள்ளம்தான் ஆராய்ச்சிக் கப்பல். நண்டின் இனப்பெருக்கக் காலம், கடற்புல் படுகை, றோலர் மடி இழுத்த அடித்தரை, நுண்பிளாஸ்ரிக் எல்லாம் இதில் முடியும். ஒரு கையால் தூக்கக்கூடிய, உப்பும் வெப்பமும் அளக்கும் கருவி, சேறு அள்ளும் சிறிய கவ்வி, நீர் எடுக்கும் போத்தல், மிதவை வலை போதும். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரே இடத்துக்கு மாதாமாதம் திரும்பிப் போகலாம். எந்தச் சர்வதேசக் கப்பலாலும் அதைச் செய்ய முடியாது. பருவத்தோடு மாறும் கடலுக்கு ஒருநாள் எடுத்த அருமையான அளவீட்டைவிட, பன்னிரண்டு மாதம் எடுத்த சாதாரண அளவீடு பெறுமதியானது என்பது என் எண்ணம்.

மறைந்த செலவுகள் உண்டு. மண்ணெண்ணெய் மட்டும் கணக்கல்ல. அன்று தொழிலுக்குப் போகாத சம்மாட்டிக்கும் உதவியாளுக்கும் அந்த நாளின் உழைப்பைக் கொடுக்கவேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தோடு முதலிலேயே கதைத்து, கடற்படைக்கும் அறிவித்து வைக்கவேண்டும். உயிர்காப்பு அங்கி, காப்புறுதி இரண்டையும் பல்கலைக்கழக வரவுசெலவில் யாரும் போடுவதில்லை. அப்புறம் காற்று. வாடை விழுந்தால் வடக்குக் கடலில் வேலை நிற்கும். சோளகம் பலத்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி, சித்திரையையும் புரட்டாதிக் கடைசி, ஐப்பசித் தொடக்கத்தையும் விட்டால் பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நாரா, கொழும்பு மட்டக்குளியில் இருக்கிறது. அதன் சமுத்திரிகா பெருங்கடல் கடக்கும் கப்பல் அல்ல, சிறிய கலம். நாராவைக் கப்பலுக்காக மட்டும் நாடாதீர்கள். அடுத்த வழிக்கு அதுதான் வாசல்.

## எங்கள் கடலுக்கு வரும் கப்பல்

மற்ற எல்லா வழிகளையும்விட இதைப்பற்றித்தான் குறைவாகத் தெரிந்துவைத்திருக்கிறோம். இலங்கை 1994இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 13ஆம் பகுதி கடல் ஆராய்ச்சிக்கானது. எங்கள் பொருளாதார வலயத்தில், அதாவது கடல் வளங்களில் எங்களுக்கு உரிமையுள்ள பகுதியில், வெளிநாட்டுக் கப்பல் ஆராய்ச்சி செய்ய எங்கள் சம்மதம் வேண்டும் என்கிறது 246ஆம் உறுப்புரை. திட்ட விவரத்தைக் குறைந்தது ஆறு மாதம் முன்னதாகத் தரவேண்டும் என்கிறது 248. விஷயம் 249இல் இருக்கிறது: கரையோர நாடு விரும்பினால் அதன் விஞ்ஞானிகள் கப்பலில் ஏறிப் பங்குபற்றலாம்; ஆராய்ச்சிச் செலவில் ஒரு சதமும் போடத் தேவையில்லை; தரவும் மாதிரிகளும் பார்க்கக் கிடைக்கவேண்டும்; கேட்டால் அவற்றை விளங்கிக்கொள்ள உதவியும் செய்யவேண்டும்.

அதாவது போட்டி எழுதி வெல்லவேண்டிய பரிசு அல்ல இது. சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட இடம். ஆனால் அந்த உரிமை நாட்டுக்கு உரியது, உங்களுக்கு நேரடியாக அல்ல. கப்பலில் ஏறுபவர்களின் பட்டியல் கொழும்பில்தான் தயாராகும். அந்தப் பட்டியலில் வடக்கிலிருந்து ஒரு பெயர் வரவேண்டுமென்றால், கப்பல் வரும் செய்தி பத்திரிகையில் வந்த பிறகு கடிதம் எழுதிப் பயனில்லை. உங்கள் துறையில் யார் எந்த வேலை செய்யக்கூடியவர், யாருக்கு மீன் இனம்காணத் தெரியும், யார் கடவுச்சீட்டோடு தயாராக இருக்கிறார் என்ற விவரம் நாராவிடம் முன்பே இருக்கவேண்டும்.

நல்ல உதாரணம் டொக்டர் பிரித்யொவ் நன்சன். நோர்வேயின் பணத்தில், உணவு விவசாய அமைப்பின் பொறுப்பில், ஐ.நா. கொடியோடு ஓடும் கப்பல். இந்தப் பெயரில் வந்த முதல் கப்பல் 1978 முதல் 1980 வரை இலங்கையைச் சுற்றி மீன்வளம் அளந்தது. 2017இல் சேவைக்கு வந்த மூன்றாவது கப்பல் 2018இல் நாராவோடு சேர்ந்து அதே வேலையைச் செய்தது. இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது வருடம். இதிலேயே இந்த வழியின் பலவீனமும் தெரிகிறது: கப்பல் தன் அட்டவணைக்கு வரும், உங்கள் படிப்பின் அட்டவணைக்கு அல்ல.

அரசியல் இன்னொரு செலவு. 2022 ஓகஸ்டில் சீனக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கும், 2023 ஒக்டோபரில் இன்னொரு சீனக் கப்பலான ஷி யான் 6 கொழும்புக்கும் வந்தபோது எழுந்த சர்ச்சை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதன்பின் 2024 ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களுக்கு அரசு தடை போட்டது. சமபங்காளிகளாகப் பங்குபற்றும் திறனை நாங்கள் வளர்த்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். காரணம் நல்லதுதான். ஆனால் கப்பலே வராத வருடத்தில் கப்பல் திறனை எங்கே வளர்ப்பது? எது எப்படியோ, ஒரு மாணவரின் ஆய்வேட்டை இந்த வழியில் மட்டும் கட்டிவைக்காதீர்கள். இலவசம், கௌரவம், எங்கள் சொந்தக் கடல், எல்லாம் சரி. ஒரு தொலைபேசி அழைப்பில் ரத்தாகிவிடும்.

## கப்பல் நேரத்துக்கான போட்டிகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோபிளீட்ஸ் திட்டம் 2009இல் தொடங்கி மூன்று கட்டமாக நடந்தது. 2019 முதல் 2023 வரையான கடைசிக் கட்டத்தில் 27 கப்பல்கள் இருந்தன. முன்மொழிவு வென்றால் கப்பல் நேரம் இலவசம். 2024இல் தொடங்கிய அக்குவாரியஸ் என்ற திட்டம் இப்போது அதே பாணியில் கப்பல்களையும் மற்றக் கருவிகளையும் திறந்துவிடுகிறது. அதன் கவனம் பால்டிக், வடகடல், கருங்கடல், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக், ஆர்க்டிக் பக்கம். இந்து சமுத்திரத்தில் கேள்வி வைத்திருப்பவர் அங்கே எதற்கு?

அமெரிக்காவின் ஷ்மிட் நிறுவனம் வேறு ரகம். 2023இல் கடலுக்கு இறங்கிய பால்கர் டூ என்ற கப்பலை, 4500 மீற்றர் வரை இறங்கும் சுபாஸ்டியன் என்ற இயந்திரத்தோடு, உலகத்து விஞ்ஞானிகளுக்கு இலவசமாகத் தருகிறார்கள். தரவை எல்லாருக்கும் திறந்துவிடவேண்டும் என்பது நிபந்தனை. ஆழ்கடலுக்கு இதைவிட நல்ல கருவி கிடைப்பது கஷ்டம். ஆனால் கப்பல் சில வருடங்களுக்கு ஒரு சமுத்திரத்தில் நின்று வேலை செய்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். எங்கள் பக்கம் வரும் காலத்துக்கே முன்மொழிவு எழுதவேண்டும்.

இலவசக் கப்பல் நேரம் கப்பலோடு முடிந்துவிடும் என்பதுதான் இந்தப் போட்டிகளின் பெரிய மறைந்த செலவு. துறைமுகத்துக்கு விமானச் சீட்டு, உபகரணம் அனுப்பும் கூலி, கடற்பயணத்துக்கான மருத்துவச் சான்றிதழ், கடலில் உயிர்தப்பும் பயிற்சி, உறைநிலையில் மாதிரி கொண்டுவரும் ஏற்பாடு, சுங்கம், பிறகு ஆய்வுகூடச் செலவு. மாதிரி ஊர் வந்து சேர்ந்த பிறகு மின்வெட்டு இல்லாத குளிரூட்டி வேண்டும். முன்மொழிவு எழுதிய நாளிலிருந்து கப்பல் புறப்படும் வரை இரண்டு மூன்று வருடம் போவது சாதாரணம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் தலைமை விஞ்ஞானியாக நின்று தனியாக வெல்வது இன்றைக்கு நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே கப்பல் அனுபவம் உள்ள வெளிநாட்டுக் குழுவில் மூன்றாவது, நான்காவது பெயராகச் சேர்வது நடக்கும்.

## பயிற்சிப் பயணங்கள்

1999இல் உருவான போகோ என்ற கடல் நிறுவனங்களின் கூட்டமைப்பு, வளர்முக நாட்டு இளையவர்களைக் கப்பலேற்றுவதையே ஒரு வேலையாகச் செய்கிறது. பிரித்தானியாவிலிருந்து தென் அத்திலாந்திக் வரை போகும் ஆராய்ச்சிப் பயணத்தில் ஓரிரு இடம்; பயணத்துக்கு முன்னும் பின்னும் அங்குள்ள ஆய்வுகூடத்தில் சில வாரங்கள். நிப்பொன் மன்றத்தின் உதவியோடு ஜேர்மனியின் ஹெல்கோலாந்துத் தீவில் பத்து மாதப் பயிற்சி, வருடத்துக்குப் பத்துப் பேர். பிள்ளைகள் அனுப்பும் அறிவித்தல் பெரும்பாலும் இதுதான்.

காசுக் கணக்கில் மிக நல்லது. பயணம், தங்குமிடம் எல்லாம் தருவார்கள். ஆனால் அத்திலாந்திக் தரவு உங்கள் ஆய்வேட்டுக்கு உதவாது. உங்கள் கையில் மிஞ்சுவது பழக்கம்: இரவு இரண்டு மணிக்கு எழும்பி நீர்மாதிரிச் சட்டகத்தை இறக்குவது, குறிப்பேட்டில் ஒரு வரிகூட விடாமல் எழுதுவது, கடல்சுகவீனத்தோடும் வேலை செய்வது. அத்தோடு அடுத்த கப்பலுக்குக் கதவு திறக்கும் ஒரு தலைமை விஞ்ஞானியின் பரிந்துரைக் கடிதம். இளநிலை விரிவுரையாளர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். இறுதி வருட ஆய்வில் இருக்கும் மாணவருக்குச் சொல்லமாட்டேன். பத்து மாதம் வீட்டைவிட்டுப் போவதும் ஒரு செலவுதான். கைக்குழந்தை உள்ள விரிவுரையாளருக்கு அது எந்த விண்ணப்பப் படிவத்திலும் கேட்கப்படாத செலவு.

## பாக்கு நீரிணைக்கு அப்பால்

சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்திடம் சாகர் நிதி என்ற பெரிய கப்பல் முதல் கரையோரக் கலங்கள் வரை உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கிறது; கொழும்புக்குப் போவதைவிடக் கெதியாகப் போய்விடலாம். மொழியும் தடையில்லை. கேள்வியும் ஒன்றுதான், ஏனென்றால் நீரோட்டமும் மீனும் 1974, 1976 ஒப்பந்தங்கள் போட்ட எல்லைக்கோட்டைப் பார்த்துத் திரும்புவதில்லை.

ஆனால் இந்திய அரசுக் கப்பலில் வெளிநாட்டவர் ஏறப் பாதுகாப்பு ஒப்புதல் வேண்டும். எல்லைக்குக் கிட்ட வேலை என்றால் இரண்டு பக்கத்தாலும் கேள்வி வரும். மீனவர் பிரச்சினை சூடாக இருக்கும் மாதத்தில் கோப்பு அசையாது. ஆகவே கப்பலில் தொடங்காமல், ஹைதராபாத்தில் யுனெஸ்கோவின் அனுசரணையில் இயங்கும் செயல்முறைக் கடலியல் பயிற்சி நிலையத்தின் குறுகியகால வகுப்பில் தொடங்குவது நடைமுறைக்கு ஒத்தது. தரவு கையாளப் பழகலாம், ஆட்களையும் பழகலாம். கப்பல் பிறகு வரலாம்.

## கப்பலே இல்லாமல்

உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 ஆர்கோ மிதவைகள் மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருதரம் 2000 மீற்றரிலிருந்து மேலே வந்து வெப்பமும் உப்பும் அனுப்பும். 24 மணித்தியாலத்துக்குள் யாரும் இலவசமாக எடுக்கலாம். வங்காள விரிகுடாவில் ஒட்சிசன் அளக்கும் மிதவைகளும் உண்டு. கடல் தரவு தரும் ஐரோப்பாவின் கொப்பர்னிக்கஸ் சேவையும் இலவசம். செலவு ஒரு கணினி, இணையம், நிரலெழுதப் பழகும் பொறுமை. பாக்கு விரிகுடாவுக்கு ஆர்கோ உதவாது. அவ்வளவு ஆழம் அங்கே இல்லை.

ஒரு யோசனை, போகிறபோக்கில்: ஐரோப்பாவில் பயணிகள் கப்பல்களில் நீர் உறிஞ்சி அளக்கும் தானியங்கிப் பெட்டிகளைப் பூட்டியிருக்கிறார்கள். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் சேவை, பாக்கு நீரிணையைக் குறுக்காகக் கடக்கிறது. விட்டுவிட்டு நடந்தாலும், எந்த ஆராய்ச்சிக் கப்பலும் அந்தப் பாதையில் இத்தனை தடவை போகப்போவதில்லை. யாராவது இரண்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | பொருந்தும் ஆழம் | காத்திருப்பு | மறைந்த செலவு | கையில் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| வள்ளம் | நீரேரி, பாக்கு விரிகுடா | சில வாரம், காற்றைப் பொறுத்தது | தொழிலாளியின் நாள், காப்புறுதி | முழுத் தரவும் மாதிரியும் உங்களுடையது |
| வரும் கப்பல் | கண்டமேடையும் வெளியேயும் | தெரியாது | ரத்தாகும் ஆபத்து | பங்குத் தரவு, இணை எழுத்தாளர் பெயர் |
| கப்பல் நேரப் போட்டி | ஆழ்கடல் | இரண்டு மூன்று வருடம் | மாதிரி, பயணம், ஆய்வுகூடம் | திறந்த தரவு, குழுவில் இடம் |
| பயிற்சிப் பயணம் | எங்கோ உள்ள கடல் | ஏறக்குறைய ஒரு வருடம் | வீட்டைவிட்டு மாதக்கணக்கு | பழக்கம், பரிந்துரை |
| இந்தியா | கரையோரமும் ஆழ்கடலும் | அரசியலைப் பொறுத்தது | இரட்டை அனுமதி | நீண்டகால உறவு |
| கப்பலின்றி | ஆழ்கடல், மேற்பரப்பு | இல்லை | நிரலாக்கப் பழக்கம் | ஆய்வேட்டுக்குப் போதுமான தரவு |

## யாருக்கு எது

அரியாலைப் பக்கம் கடலட்டைப் பண்ணையின் அடிச்சேற்றை ஆராய்பவர் வேறெதையும் யோசிக்கவேண்டாம், வள்ளம். கப்பல் விண்ணப்பம் எழுதும் நேரத்தில் நான்கு தடவை மாதிரி எடுத்துவிடலாம்.

நீலக்கால் நண்டின் குடம்பிகள் நீரேரிக்கு வெளியே எவ்வளவு தூரம் போகின்றன என்று கேட்பவருக்கு இரண்டு வேண்டும். உள்ளே வள்ளம், வெளியே வரும் கப்பல். வள்ளத்தில் ஒரு வருடம் எடுத்த தரவு கையில் இருந்தால், நன்சன் போன்ற கப்பலின் திட்டக் கூட்டத்தில் "கரைப்பக்கம் எங்களிடம் இருக்கிறது" என்று சொல்லலாம். ஆழமற்ற தண்ணீருக்குள் வரமுடியாத கப்பல்காரர்களுக்கு அந்தத் தரவு தேவை. தொடக்கத்தில் சொன்ன ஆள்மாற்றில் நாங்கள் வைக்கக்கூடியது இதுதான்.

வங்காள விரிகுடாவின் ஒட்சிசன் குறைந்த நீர்ப்படையை ஆராய விரும்பும் முதுதத்துவமாணி மாணவர் ஆய்வேட்டை ஆர்கோ தரவில் எழுதட்டும். அதே வருடம் ஹைதராபாத் வகுப்புக்கும் போகோவுக்கும் விண்ணப்பிக்கட்டும். வங்காள விரிகுடாவுக்குக் கப்பல் கொண்டுவரும் குழுக்களின் தலைமை விஞ்ஞானிகளுக்கு நேரடியாகவும் எழுதலாம். கடைசி நேரத்தில் ஆள் விலகி ஒரு படுக்கை காலியாவது கப்பல்களில் அடிக்கடி நடக்கும். அந்த மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டவேண்டாம். எந்த வேலையைத் தனியாகச் செய்யத் தெரியும், எந்தத் தரவை ஏற்கெனவே ஆராய்ந்தீர்கள், கடவுச்சீட்டு எதுவரை செல்லும், மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா, விசாவுக்கு எத்தனை வாரம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள். கடைசி இரண்டும் இல்லாத கடிதத்தை, எவ்வளவு நல்ல மாணவராக இருந்தாலும், அவர்களால் ஒன்றும் செய்யமுடியாது.